ஒரு கட்டில் அகல மழை

காலில்லாமல் நடக்கும், கையில்லாமல் கதவைத் தட்டும். கரிசல்காட்டுக்காரன் கூப்பிட்டால் வராது, உப்புக்காட்டுக்காரன் விரட்டினால் போகாது. அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கென்ன, நீங்கள் இருக்கிற ஊரில் அந்தச் சொல்லை எந்த மாதத்திலும் சொல்லலாம். வெள்ளைத்திட்டில் அப்படி இல்லை. தை பிறந்து உப்பளத்துப் பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சுகிற நாளிலிருந்து, புரட்டாசி கழிந்து கடைசி உப்பை வாரிக் குவித்து ஓலை போட்டு மூடுகிற நாள் வரைக்கும், பெரியவர்கள் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். வெயிலில் காய்ந்து, காற்றில் இறுகி, பாத்தியில் பூத்து, எத்தனையோ முதுகுகள் வளைந்து வாரிச் சேர்த்த உப்பை அது ஒரே சாயங்காலத்தில் கரைத்துக் கடலுக்கே திருப்பி அனுப்பிவிடும் என்பதால், அதற்கு அங்கே 'வேண்டாதவள்' என்று பெயர். "கிழக்க வேண்டாதவ முக்காடு போட்டு நிக்கா" என்பார்கள். "போன வருசம் வேண்டாதவ வந்து நம்மள மொட்டையடிச்சிட்டுப் போனா" என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

பேசாமல் இருந்தால் மட்டும் வராமல் இருக்குமா? குவியலை இன்றைக்கு மூடுவதா, திறந்து போடுவதா என்று யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? அதற்கும் அந்த ஊர் ஒரு வழி வைத்திருந்தது. அளத்தில் இன்னும் கூலி வாங்காத பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொன்னால் குற்றமில்லை. அதனால் வருஷா வருஷம் தை மாதத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒன்றை 'வாய்ப்பிள்ளை' என்று தேர்ந்தெடுப்பார்கள். விடிந்ததும் வாய்ப்பிள்ளை உப்புக் குவியல்மேல் ஏறி நின்று வானத்தைப் பார்த்து, மழை வரும் என்றோ வராது என்றோ சொல்லும். வரும் என்றால் மூடுவார்கள். வராது என்றால் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். கேட்பது ஒரே ஒரு தடவைதான். பிள்ளை சொன்னது சொன்னதுதான். திருப்பிக் கேட்டால் வேண்டாதவளை நாமே வெற்றிலை வைத்து அழைத்ததாக ஆகிவிடும். பிள்ளை தப்பாகச் சொல்லி உப்பு போன வருஷங்களும் உண்டு. அப்போதும் பிள்ளையை யாரும் ஏசியதில்லை. கேட்ட வாய் நம்முடையது என்று சொல்லிக்கொண்டு பாத்தியை மறுபடி மிதித்துச் சமன் செய்யப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் வாய்ப்பிள்ளை இசக்கி. ஏழாம் வகுப்பு. அளத்தில் உப்பு வாருகிற அம்மா சண்முகக்கனிக்கு ஒரே மகள்.

ஏழாம் வகுப்புக்கு வேலுத்தாய் டீச்சர். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆள் குள்ளம், ஸ்கூட்டர் பெரிய சத்தம், குரல் அதைவிடச் சத்தம். அவர் பிள்ளைகளை அதட்டுவார், தலையில் குட்டமாட்டார். ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிப் பதில் சொல்லும்போது முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். தனக்குத் தெரியாததைத் "தெரியாது, நாளைக்குச் சொல்றேன்" என்பார், மறுநாள் மறக்காமல் சொல்வார். பெரியவர்கள் தெரியாது என்று சொல்லி இசக்கி அதுவரை கேட்டதில்லை. அதனால் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இசக்கியும் தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்தி உட்காருவாள், அவர் முதுகு நிமிர்ந்திருப்பதைப் பார்த்து.

மாசி மாதத்தில் ஒரு நாள், அறிவியல் பாடத்துக்கு நடுவில், டீச்சர் கரும்பலகையில் பெரிய எழுத்தில் மழை என்று எழுதினார். சமையல்கூடத்து வாசலில் நின்ற சத்துணவு ஆயா கரண்டியைக் கீழே போட்டார். பக்கத்து அறையில் தலைமையாசிரியர் தேவசகாயம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"எல்லாரும் சேர்ந்து வாசிங்க" என்றார் டீச்சர்.

யாரும் வாசிக்கவில்லை. சொல்ல உரிமை உள்ள பிள்ளைகள்தான், ஆனாலும் வெளியே பெரியவர்களின் காதுகள் இருந்தன.

"ஒரு சொல்லுக்கா இவ்வளவு பேரும் பம்முறீங்க? அது பலகையில இருக்கு, உங்களைக் கடிக்காது. சொல்லுங்க."

முதலில் இசக்கி சொன்னாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததாலோ என்னவோ, கூரை அதிரக் கத்திச் சொன்னார்கள். ஓட்டுக்குக் கொஞ்சம் கீழே, வெறும் காற்றிலிருந்து, டீச்சரின் தலைமேல் தூறல் விழத் தொடங்கியது. ஒரு கட்டில் அகலத்துக்கு விழுந்தது, அதற்கு அப்பால் ஒரு சொட்டு இல்லை. முன்வரிசைப் பையன் தன் நோட்டை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தான். டீச்சர் சாக்பீஸைச் சேலையில் துடைத்துக்கொண்டு, 'ஆவியாதல்' என்று அடுத்த சொல்லை எழுதினார். எழுத எழுத அது வழிந்து இறங்கியது. அன்றைக்குப் பாடம் மணி அடிக்கும்வரை நடந்தது.

அதற்குப் பிறகு அவர் போகுமிடமெல்லாம் அந்தத் தூறலும் போயிற்று. ஸ்கூட்டரில் போனால் கூடவே ஓடியது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க, படிக்கட்டுலயே நின்னு வாங்க" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா எட்டி நின்றபடி நாடி பார்த்துவிட்டு ஜலதோஷத்துக்கு மாத்திரை கொடுத்தார். டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அன்னபாக்கியம், "கூரை ஒழுகுனா நான் பார்க்கணும், நீங்க ஒழுகுனா நீங்கதான் பார்க்கணும்" என்று முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டு, இரண்டாம் நாள் மனசு கேட்காமல் அவரே மண்வெட்டியை எடுத்து, டீச்சரின் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுத்தார். வகுப்பறைத் தரையின் வெடிப்பில் புல் முளைத்தது. உப்பு மண்ணில் புல்லைப் பார்த்திராத பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாள் ஓர் ஆடு வகுப்புக்கு வந்தது. அதன் மறுநாள் அதன் குட்டிகளும் வந்தன. அவற்றை விரட்டிப் பார்த்த டீச்சர், பிறகு பின்வரிசையில் நிற்க விட்டுவிட்டார். "சத்தம் போடாம இருக்கிறதுல உங்களைவிட அதுக தேவலை" என்றார்.

ஊர்த்தலைவர் அருணகிரி அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அளத்து வரப்பு வழியாக ஸ்கூட்டரில் வரக்கூடாது, பாத்தி கரையும். டீச்சர், நியாயம்தான் என்று சொல்லி, அன்றிலிருந்து கடலோரமாகச் சுற்றி, ஈர மணலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இப்படியே பங்குனியும் பாதி போயிற்று. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத்திட்டில் கிணறு தோண்டினால் உப்பு, போர் போட்டால் உப்பு. குடிக்கிற தண்ணீர் லாரியில் வர வேண்டும், லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், நல்ல தண்ணீர் நாளெல்லாம் கண்ணெதிரே விழுந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் ஒரு குடத்தை நீட்டவில்லை. பேராசையற்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவர்கள் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியவில்லை, அவ்வளவுதான். மேலே இருந்து விழுவது உப்பைக் கரைக்கும் என்று தெரியும். அதைக் குடிக்கலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. ஆடு குடித்தது, புல் குடித்தது, மனிதர்கள் லாரிக்காகக் காத்திருந்தார்கள்.

கடைசியில் அன்னபாக்கியம்தான் கண்டுபிடித்தார், அதுவும் சண்டையில். வாய்க்கால் உடைத்துக்கொண்டு அவருடைய மாவுச் சட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. ஆத்திரத்தோடு மாவை வழித்து வாயில் வைத்துப் பார்த்தவர், அப்படியே நின்றார். பிறகு வாய்க்காலில் கையை நனைத்து நக்கினார். பிறகு தெருவுக்கு ஓடி வந்து கத்தினார்: "ஏ பிள்ளைகளா, டீச்சர்கிட்ட இருந்து கொட்டுறது நல்ல தண்ணிட்டீ!"

அன்று சாயங்காலமே குடங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. டீச்சர் சந்தோஷமாகவே நின்றார். காலையில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தெருமுனையில் நிற்பதாக அவரே சொன்னார். குடம் வந்தது, பிறகு அண்டா வந்தது, பிறகு டிரம் வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள், "டீச்சர், முகூர்த்தத்துக்கு வர வேண்டாம், சமையலுக்கு வந்தா போதும்" என்று பத்திரிகை வைத்தார்கள். தெருவுக்குத் தெரு சண்டை வந்தது. ஒரு மணி நேரம் போதவில்லை. சாயங்காலமும் நிற்கச் சொன்னார்கள், நின்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கச் சொன்னார்கள், தட்டை நனைத்துக்கொண்டு நின்றார். பிறகு, பகல் முழுக்க நிற்கச் சொன்னார்கள்.

அதற்காக ஊர் பணம் போட்டு ஒரு தொட்டி கட்டியது. அளத்துக்குத் தூரமாக, ஊருக்கு நடுவில், நல்ல பெரிய சிமெண்டுத் தொட்டி. அதன் நடுவில் மேடை, மேடையில் மெத்தை வைத்த நாற்காலி, தொட்டியைச் சுற்றி குழாய்கள். திறப்பு விழாவுக்கு வாழைமரம்கூடக் கட்டிவிட்டுத்தான் தலைவர் அருணகிரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூடவே ஊரில் பாதி வந்தது.

"டீச்சரம்மா, உங்க சம்பளத்துக்கு ஒரு குறையும் வராது. வருகைப் பதிவுல ஹெச்.எம். சார் பார்த்துக்கிடுவாரு. ஏழாம் வகுப்பையும் சாரே சேர்த்துப் பார்த்துக்கிடுவாரு. நீங்க தொட்டியில சும்மா உக்காந்தா போதும்."

"உக்காந்து?"

"உங்ககிட்ட இருக்கிற அது…"

"எது?"

"அதான், உங்களச் சுத்தி…"

"என்னைச் சுத்தி என்ன தலைவரே? ஆடு நிக்குது. அதையா கேக்குறீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைவர் வேர்த்துப்போய், "டீச்சர், இது சீசன். பேர் சொல்ல முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

"பேர் சொல்லவே கூசுற பொருளைக் கேட்டு வாங்க வந்திருக்கீங்களா? பேர் சொல்லிக் கேளுங்க. பதில் சொல்றேன்."

"பாடம் நடத்த ஆயிரம் பேர் இருக்காவ டீச்சர்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "இது நடத்த நீங்க ஒருத்தர்தானே!"

"காலையில ஒரு மணி நேரம் நிக்கிறேன். அது நான் கொடுக்கிறது. மிச்ச நேரம் நான் டீச்சர். அதை யாரும் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் டீச்சர், எத்தனாம் பக்கம் விட்டோம் என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

மறுநாள் ஏழாம் வகுப்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. தலைமையாசிரியர் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார், சாவி அவர் சட்டைப் பையில் தெரிந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஓரமாகப் பிள்ளைகளை உட்கார வைத்தார். நோட்டு நனைந்ததால் எல்லாவற்றையும் வாயாலேயே படித்தார்கள், பின்னக் கணக்கைக்கூட வாயாலேயே போட்டார்கள். சில தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். நின்ற பிள்ளைகளின் கையில் உப்பு வாருகிற பலகையைக் கொடுக்க அளத்தில் ஆள் காத்திருந்தது. வகுப்பு நாளுக்கு நாள் சிறுத்தது, ஆடுகள் மட்டும் குறையவில்லை.

ஊர், உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு முன்னால் மறுபடி கூடியது. பேர் சொல்லிக் கேளுங்கள் என்கிறார் டீச்சர். பேர் சொல்லக் கூடாது. அப்படியானால் யார் கேட்பது? கேட்பதற்கென்று ஊரில் ஒரு வாய் இருக்கிறதே!

"ஏளா இசக்கி, இங்க வா" என்றார் தலைவர். "நீ போயி, டீச்சரம்மாகிட்ட ஊருக்காக ஒரு தடவை கேட்டுட்டு வா. அவங்க நிக்கேன்னு சொல்லிட்டா, தொட்டித் தண்ணியில உங்கம்மா குடந்தான் முதல் குடம். நாளும் அப்படித்தான். இது என் வாக்கு."

"மாட்டேன்னு சொல்லிட்டாவன்னா?"

"மாட்டேன்னா மாட்டேன்தான். இந்த சீசன் முழுக்க ஊரு அத வாயில எடுக்காது. ஆனா சொல்ல மாட்டாங்க." தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எங்ககிட்ட வர்ற வாய் அவங்களுக்கு உன்கிட்ட வராதுட்டீ."

 இசக்கியின் அம்மா சண்முகக்கனி கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

இசக்கி கடலோரமாக நடந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. தூரத்தில் ஒரு சாம்பல் நிறத் தூண் போலத் தூறல் நகர்ந்துகொண்டிருந்தது, அதற்குள் டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். ஓடிப்போய்ச் சேர்ந்து, இசக்கியும் அதற்குள் நுழைந்து ஒரு பக்கம் தள்ளினாள். தூறல் விழுந்த இடத்தில் கடலும் கொஞ்சம் இனித்ததோ என்னவோ, சின்ன மீன்கள் கரையோரமாகக் கூடவே வந்தன.

"உன்னை அனுப்பிட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். ஊருக்காகக் கேக்கேன். தொட்டியில நின்னு மழை தருவீங்களா?"

"அப்பாடி! ஊர்ல ஒரு ஆளுக்காவது பேர் சொல்லத் தெரியுதே." டீச்சர் சிரித்தார். "நாற்காலியில மெத்தையெல்லாம் போட்டிருக்காமே?"

"இலவம்பஞ்சு டீச்சர். தலைவர் வீட்டுது."

"மூணாம் நாள் நாறும். சொல்லி வை."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "டீச்சர், உங்களுக்குப் பயமே கெடையாதா? அத்தனை பேரு நிக்கையில ஆட்டையா கேக்குறீங்கன்னு கேட்டீங்களே!"

"பயம் இல்லாமலா? எத்தனாம் பக்கம் விட்டோம்னு உங்ககிட்ட கேட்டேனே, அது பயத்துல மறந்துபோய்க் கேட்டது."

"பொறவு எப்படிப் பேசுனீங்க?"

"பயந்துக்கிட்டேதான் பேசினேன். பயம் போகட்டும், அப்புறம் பேசலாம்னு இருந்தா அதுக்குள்ள கிழவியாயிடுவேன்." கொஞ்சதூரம் ஸ்கூட்டரைத் தள்ளினார். "இசக்கி, எங்க ஊர்ல என்னன்னா இதே சொல்லைத்தான் காலையில எழுந்ததும் சொல்லுவாங்க. வருமா, வருமா, வருமா. எங்க அப்பா கழுத்து பின்னாலயே சாய்ஞ்சு இருக்கும். திமிர்னு நினைச்சுக்காதே. விதையை மண்ணுல போட்டுட்டு வானத்தைப் பாத்துப் பாத்து, அப்படியே நின்னுபோன கழுத்து. செத்த பிறகும் அதை நேராக்க முடியலை. மேல பார்க்காம பொழைக்கிற ஒரு வேலைக்குப் போகணும்னுதான் நான் படிச்சேன். பலகையைப் பார்ப்பேன், பிள்ளைகளைப் பார்ப்பேன், போற வழியைப் பார்ப்பேன். மேல மட்டும் பார்க்கிறதில்லைன்னு வைராக்கியம். இங்க வந்தா, நீங்களும் மேலேயே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. அவங்க வா வான்னு பார்க்கிறாங்க, நீங்க போ போன்னு பார்க்கிறீங்க. கழுத்து ஒண்ணுதான்."

"இப்ப உங்க தலையிலயே வந்து உக்காந்துட்டே டீச்சர்."

"உக்காரட்டும். அதுக்காக நான் அண்ணாந்து பார்க்கணும்னு இருக்கா? அது பாட்டுக்குப் பெய்யுது, நான் பாட்டுக்குப் பாடம் நடத்துறேன். என் தலையில விழுறதுனால நான் அதாயிட மாட்டேன். தொட்டியில உக்காரச் சொல்றவங்களுக்கு அதுதான் புரியலை. முன்னாடி அவங்க கண்ணுக்கு நான் வேண்டாதவ, இப்ப குழாய். டீச்சரா நான் எப்பவுமே தெரியலை."

இது போதும் என்று இசக்கிக்குத் தோன்றியது. இந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோய்க் கிட்டங்கி முன்னால் சொல்லலாம், சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். ஆனால் உள்ளே ஒரு கேள்வியும் கிடந்தது. கேள்வி இருந்தால் விழுங்காதே என்று டீச்சர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கோவம் வந்தா படுவேன். கேளு."

"உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. தொட்டியில நின்னாலும் வருது, நிக்காட்டியும் வருது. எங்கம்மா கால நீங்க பாத்திருக்கீங்களா?"

டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"உப்புத்தண்ணியில நின்னு நின்னு விரலுக்கு நடுவுல எல்லாம் வெடிச்சிருக்கும் டீச்சர். ராவுல தூங்க மாட்டா. லாரித் தண்ணி குடிக்கவே காணாது, கால எங்க கழுவ? நீங்க தெருமுனையில நிக்கத் தொடங்குன பொறவு ஒரு நாளு, வரிசையில கடைசியா எங்களுக்கு அரைக் குடம் மிஞ்சிச்சு. அதுல கால் கழுவுனா. நல்ல தண்ணி பட்டதும் கண்ண மூடிக்கிட்டா. எனக்கு நெனவு தெரிஞ்சு எங்கம்மா பகல்ல கண்ண மூடி நான் பார்த்ததில்ல. நீங்க தொட்டியில நின்னா தெனமும் முதல் குடம் எங்களுக்குன்னு தலைவர் சொல்லிட்டாரு. பாடம் போனா எனக்குப் போகட்டும் டீச்சர். அவளுக்குக் கால் வேணும்லா?"

டீச்சர் அவளை முடிக்கும்வரை பேசவிட்டார்.  தூறல் இருவர்மேலும் விழுந்துகொண்டிருந்தது. மீன்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"நான் பார்க்கலை" என்றார் கடைசியில். "காலையில ஒரு மணி நேரம் உங்கம்மா என் எதிர்லதான் நிக்கிறாங்க. நான் குடத்தைப் பார்த்திருக்கேன். காலைப் பார்க்கலை."

"நான் உங்கள ஏசல டீச்சர்."

"தெரியும். நீ கேட்டது சரி. எனக்குப் பதில் தெரியலை." வழக்கமாக அதற்குப் பிறகு அவர், நாளைக்குச் சொல்றேன் என்பார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நின்றவர், மெதுவாகத் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்தார். தூறல் அவர் கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது, அவர் துடைக்கவில்லை. குட்டையான அந்தக் கழுத்து பின்னால் மடங்கி, மடங்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"சரி இசக்கி" என்றார் அப்படியே. "நிக்கிறேன்னு சொல்லிடு. அவங்க வந்து கூப்பிட்டதும் தொட்டிக்கு வந்திடுறேன்."

"டீச்சர்…"

"போ. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு. உங்கம்மா காத்திருப்பாங்க."

இசக்கி தூறலுக்கு வெளியே வந்தாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் மணலில் சாய்ந்து கிடந்தது.

அவள் வரப்பு வழியாக நடந்தாள். இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. நனைந்த பாவாடையிலிருந்து சொட்டிய தண்ணீர், அவள் போகிற வழியெல்லாம் வரப்போரத்து உப்பில் சின்னச் சின்னக் குழிகளைப் போட்டது. நடக்க நடக்க, தான் கேட்கப் போனதைக் கேட்டு வாங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஊர் மொத்தமும் சேர்ந்து மடக்க முடியாத ஒரு கழுத்தை, தான் ஒருத்தியாக, கையால்கூடத் தொடாமல் மடக்கிவிட்டோம் என்றும் தெரிந்தது. கேட்டது சரி என்று டீச்சரே சொல்லிவிட்டார். சரியாகத்தான் கேட்டிருந்தாள். அம்மாவின் கால் பொய்யில்லை. தலைவரின் முதல் குடமும் பொய்யில்லை. நாளைக்குப் பின்சுவர் ஓரமாக ஆடுகள் மட்டும் வந்து நிற்கும் என்பதும், அதற்கு மறுநாள் மிச்சமிருக்கிற பிள்ளைகளின் கையிலும் உப்புப் பலகை ஏறும் என்பதும், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவரைக் காட்டி, வீராப்புப் பேசுனவ எங்க உக்காந்திருக்கா பாரு என்று ஊர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்பதும் பொய்யில்லை. இந்த இரண்டையும் அவள் வலது கையிலும் இடது கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எது கனம் என்று கிட்டங்கி வரும்வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

கிட்டங்கி முன்னால் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். குடங்கள்கூட வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டன. முதலாவதாக இருந்தது இசக்கி வீட்டு நீலக் குடம். தலைவர் தன் கையாலேயே எடுத்து வைத்திருந்தார். அவள் வந்ததும் கூட்டம் வழிவிட்டது. சண்முகக்கனி காலை நீட்டியபடி அதே இடத்தில் இருந்தார். இசக்கி போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அம்மா அவளுடைய ஈரப் பாவாடையின் ஓரத்தைப் பிடித்து, யாரும் கவனிக்காதபடி, தன் கால் விரல்மேல் பிழிந்துகொண்டார்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் தலைவர். "ஒரு தடவைதான் கேப்பேன். வாய்ப்பிள்ள, கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இசக்கி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"மாட்டேன்னு சொல்லிட்டாவ" என்று இசக்கி சொன்னாள்.